51 வயது டர்னர், ஆட்குறைப்புக் கடிதம் வந்திருக்கிறது: பணத்தை வாங்கிக்கொண்டு சொந்தமாக லேத் போடலாமா?

மெரபேங்க் டர்னர் எழுதியது:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் தெற்கில் இருக்கிறேன், வயது 51, ஃபிட்டர் அண்ட் டர்னர், அதாவது லேத்தில் இரும்பு கடைந்து பொருத்துகிற வேலை. 90களின் தொடக்கத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, ஒலிஃபான்ட்ஸ்ஃபோன்டைன் போய் டிரேட் டெஸ்ட் தேறினேன். அன்றிலிருந்து ஒரே தொழில்தான். இப்போது இருக்கும் கம்பெனிக்கு வந்தும் ரொம்ப வருடம் ஆகிவிட்டது, பெயர் வேண்டாம். எல்லாம் கனரக ரிப்பேர் வேலை. பம்ப் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் ஹவுசிங், சர்க்கரை ஆலை ரோலர், கப்பல் ஷாஃப்ட் என்று கிரேன் இல்லாமல் நகராத சாமான்கள். போன வாரம் செக்‌ஷன் 189 கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் பாதிப் பேரைக் குறைக்கப் போகிறார்களாம். தானாக முன்வந்து போகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பணமாம்.

கடிதத்தில் காரணம் என்று "சந்தை நிலவரம்" என்று எழுதியிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த காரணம் வேறு. எங்கள் பக்கம் இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. எஞ்சன் ஆலையில் 2020 டிசம்பரில் தீப்பிடித்தது, மெரபேங்க், வென்ட்வொர்த்தில் இருக்கிறவர்களுக்கு அந்தக் காலை நேரச் சத்தம் மறக்காது. அதற்குப் பிறகு அது மறுபடி சுத்திகரிப்பு ஆலையாகத் திறக்கவே இல்லை, வெளியிலிருந்து வரும் எரிபொருளைத் தேக்கி வைக்கிற இடமாக ஆகிவிட்டது. சாப்ரெஃப் 2022இல் நின்றது, அது நாட்டிலேயே பெரியது, ஒரு நாளைக்கு 1,80,000 பீப்பாய். ஆலை ஓடும்போது வருடாவருடம் ஷட்டவுன் வரும், ரிப்பேருக்காக ஆலையை நிறுத்துவார்கள். அந்த வாரங்களில் எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஃபிளாஞ்ச் எல்லாம் லாரியில் வந்து இறங்கும், முகத்தைச் சுத்தமாக ஃபேஸ் பண்ணிக் கொடுக்க வேண்டும், பம்ப் ஸ்லீவ் டஜன் கணக்கில் போகும். காற்று சுத்தமாகிவிட்டது என்று எங்கள் தெருவில் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு, நியாயம்தான், எத்தனை பிள்ளைகள் இன்ஹேலரோடு வளர்ந்தார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் கப்பலில் பெட்ரோலாகவே வந்து இறங்கினால் அதற்கு டேங்கும் பைப்பும் போதும், டர்னர் எதற்கு?

சரி, கேள்விக்கு வருகிறேன். ஒன்று, பணத்தை வாங்கிக்கொண்டு இப்போதே போவதா, இல்லை கடைசி வரை இருந்து பார்ப்பதா. இரண்டு, பழைய மெஷின்களை விற்கப் போகிறார்கள். அதில் நான் ஓட்டுகிற கேப் பெட் லேத் இருக்கிறது, பெரிய விட்டச் சாமானும் சுழல பெட்டில் ஒரு இடைவெளி விட்டது, இங்கிலாந்து மெஷின், சென்டருக்கு சென்டர் 3 மீட்டர். அதை வாங்கிச் சொந்தமாகச் சின்ன பட்டறை போடலாமா என்று மனசு அடித்துக்கொள்கிறது. மூன்று, சின்ன மகன் மெட்ரிக், அதாவது பள்ளிக் கடைசி வருடம், முடித்துவிட்டான், அவனும் இந்தத் தொழிலுக்கே வருகிறேன் என்கிறான். வீட்டில் அவன் அம்மா ஒரே பிடிவாதமாக வேண்டாம் என்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஐசிபிங்கோ அக்கா எழுதியது:

அண்ணா, நான் ஒரு என்ஜினியரிங் கம்பெனியில் சம்பளப் பட்டியல் போடுகிறவள், பல ஆட்குறைப்புகளைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். லேத், மகன் கதை எல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும், நான் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அவசரப்பட்டு எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். 189 கடிதம் வந்தது என்றால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, கலந்து பேசத் தொடங்குகிறார்கள் என்றுதான் அர்த்தம். ஏன் குறைக்கிறீர்கள், வேறு வழி என்ன யோசித்தீர்கள், யாரை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள் என்று எல்லாவற்றையும் எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 50 பேருக்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில், குறைக்கிற எண்ணிக்கையும் சட்டம் சொல்கிற அளவுக்கு வந்தால், 189ஏ பிரிவின்படி 60 நாள் கணக்கு வரும், தொழில் தகராறுகளைப் பேசித் தீர்க்கிற சிசிஎம்ஏவிலிருந்து நடுவரை வரச் சொல்லலாம். டெர்ஸ் என்ற தற்காலிக நிவாரணத் திட்டத்துக்கு விண்ணப்பித்தார்களா என்றும் கேளுங்கள். கம்பெனி நெருக்கடியில் இருக்கும்போது ஆளை அனுப்பாமல் கொஞ்ச காலம் சம்பளத்தில் ஒரு பகுதியை அந்தத் திட்டத்திலிருந்து வாங்க முடியும். பல முதலாளிகள் கேட்டால்தான் செய்வார்கள்.

சட்டப்படி குறைந்தபட்சம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வாரச் சம்பளம். முன்வந்து போகிறவர்களுக்குக் கூடுதல் என்றால் எத்தனை வாரம் என்று கேளுங்கள், அதோடு விடுப்புப் பணமும் நோட்டீஸ் பணமும் தனியாக வர வேண்டும், அதையும் "பேக்கேஜ்" கணக்கில் சேர்த்துக் காட்டினால் ஏமாறாதீர்கள். ஆட்குறைப்பு இழப்பீட்டில் முதல் 5,50,000 ராண்டுக்கு வரி கிடையாது, ஆனால் அது ஆயுள் முழுக்கச் சேர்த்து ஒரே வரம்பு, பென்ஷனில் மொத்தமாக எடுத்தாலும் இதே வரம்பில்தான் கழியும். இன்னொன்று ரொம்ப முக்கியம். கடிதத்தில் "ராஜினாமா" என்ற வார்த்தை வரக் கூடாது. தானாகப் போனாலும் அது ஆட்குறைப்பின் பகுதி என்று எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் வேலையில்லாதவர்களுக்கான காப்பீட்டுப் பணம் யூஐஎஃப் கிடைப்பதில் சிக்கல் வரும்.

கடைசியாக, நீங்கள் மெட்டல் இண்டஸ்ட்ரி ஓய்வூதிய நிதியில் இருப்பவர் என்று நினைக்கிறேன். முன்னால் வேலை பார்த்த கம்பெனிகளின் பணமும் அந்த நிதியை நிர்வகிக்கிற எம்ஐபிஎஃப்ஏவில் கேட்பாரற்றுக் கிடக்கலாம், அப்படி நிறையப் பேருடைய பணம் கிடக்கிறது. பழைய சம்பளச் சீட்டு ஒன்று இருந்தால்கூடப் போதும், விசாரியுங்கள். அந்த ஓய்வூதியப் பணத்தை மட்டும் தயவுசெய்து லேத்தில் போடாதீர்கள் அண்ணா.

நியூகாசல்காரன் எழுதியது:

மெரபேங்க் அண்ணே, எங்கள் ஊர் கதையைச் சொன்னால் உங்களுக்கு ஒரு கணக்குக் கிடைக்கும். நான் இரும்பாலைக்குள் வேலை பார்த்தவன் இல்லை, ஆலைக்கு வேலை செய்து கொடுத்த ஒரு வெளி ஒர்க்‌ஷாப்பில் மில்லிங், போரிங். ரோலிங் மில்லுக்கான பேரிங் சாக், ஸ்பிண்டில், கப்ளிங் இதெல்லாம்தான் எங்கள் சோறு.

2023 நவம்பரில், எங்கள் ஊர் இரும்பாலையை நடத்திய ஆர்சலர்மிட்டல் நீள இரும்புப் பிரிவை மூடப் போகிறேன் என்று அறிவித்தது, அதாவது தண்டவாளம், கம்பி, ஆங்கிள் வகைகள். சுமார் 3,500 பேர் வேலை என்றார்கள். அப்புறம் இல்லை, பார்க்கலாம் என்றார்கள். 2025 ஜனவரியில் மறுபடி மூடுகிறோம் என்றார்கள், மறுபடி அரசாங்கப் பணம், மறுபடி தள்ளிப்போடல். இந்த இழுபறிதான் ஆளைக் கொன்றது. அந்த நாட்களில் ஆலை மூடவும் இல்லை, ஆனால் நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாத ஆலைக்கு எவனும் பெரிய ரிப்பேர் ஆர்டர் கொடுக்க மாட்டான். உடைந்தால் ஒட்டுப் போட்டு ஓட்டுவான். ஆலைக்காரர்களுக்கு முன்னாலேயே எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஆள் குறைத்துவிட்டார்கள், அதைப் பற்றி ஒரு செய்தித்தாளிலும் வரவில்லை.

காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உலக இரும்பில் பாதிக்கு மேல் சீனாவில் உருகுகிறது, அங்கே மிஞ்சினது இங்கே மலிவாக வந்து கொட்டுகிறது, அது உண்மை. சரக்கு ரயில் ஓடுவதில்லை, மின்சாரக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, அதுவும் உண்மை. பழைய இரும்பை மலிவாக வாங்கி உருக்குகிற சின்ன ஆலைகளுக்கு அரசாங்கம் சலுகை கொடுக்கிறது என்று கம்பெனி சொல்லும், அதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இந்தக் கம்பெனியின் பழைய பெயர் இஸ்கோர், அது அரசாங்கத்திடம் இருந்து 1989இல் தனியார் ஆனது. அதற்குப் பிறகு இங்கேயே தோண்டிய தாதுவில் இங்கேயே உருக்கிய இரும்பை, கப்பலில் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் என்ன விலையோ அந்த விலைக்கு நமக்கு விற்றார்கள். அந்த விலையில் இரும்பு வாங்கி எத்தனை சின்னத் தொழிற்சாலை தாக்குப்பிடிக்கும்? விலை விவகாரத்தில் போட்டி ஆணையத்தோடு இருந்த வழக்குகளை முடிக்க 2016இல் 150 கோடி ராண்ட் கட்ட ஒப்புக்கொண்டார்கள். இரும்பை வாங்குகிறவன் செத்தால் விற்கிறவனும் ஒரு நாள் சாகத்தான் வேண்டும், இன்றைக்கு இரும்பு வாங்க நாட்டில் ஆள் குறைந்துவிட்டது என்று அதே கம்பெனி அழுகிறது.

உங்களுக்கு நான் சொல்வது: எங்கள் ஊரில் ஒரே ஆலை. எல்லாரும் ஒரே சமயத்தில் வேலை இழந்து, ஒரே சமயத்தில் வீட்டை விற்கப் போனால் வாங்க யார் இருக்கிறார்கள்? சொந்தப் பட்டறை போட்ட இரண்டு பேர் எனக்குத் தெரியும், நல்ல கைவேலைக்காரர்கள், அவர்களுக்கும் வாடிக்கையாளர் அந்த ஆலையும் ஆலையை நம்பினவர்களும்தான். டர்பன் அப்படி இல்லை. துறைமுகம் இருக்கிறது, ஜோகன்னஸ்பர்க் போகிற என்3 ரோட்டில் லாரி ஓடுகிறது, கரும்பு இருக்கிறது. அந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர். போகிறதாக இருந்தால் முதல் சுற்றிலேயே போங்கள். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று வரவரப் பணம் குறையும், கடைசியில் கம்பெனி நொடித்து, அதைக் காப்பாற்றப் பார்க்கிற பிசினஸ் ரெஸ்க்யூவுக்குப் போனால் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும்.

சாட்ஸ்வர்த் பெரியவர் எழுதியது:

தம்பி, எனக்கு 70 தாண்டிவிட்டது. கோயில் பள்ளியில் சாயங்கால வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். உன் மகன் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் 70களின் தொடக்கத்தில் ஜேக்கப்ஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். டர்னர் என்று பெயர் இல்லை, "ஆப்பரேட்டர்". லேத்தில் நின்று டர்னர் செய்கிற அதே வேலையை நானும் செய்தேன், டிராயிங் படித்தேன், ஸ்குவேர் திரெட் போட்டேன், டூலை நானே கிரைண்ட் பண்ணினேன். பக்கத்து மெஷினில் நிற்கிற வெள்ளைக்காரப் பையனுக்கு அப்ரண்டிஸ் காகிதம், அவன் தடுமாறினால் நான்தான் சரிபண்ணிக் கொடுப்பேன், சம்பளம் அவனுக்கு இரண்டு மடங்குக்கு மேல். எந்த வேலை எந்த இனத்துக்கு என்று சட்டமே ஒதுக்கி வைத்திருந்த காலம். அதுபோக அப்ரண்டிஸ் கமிட்டியில் வெள்ளைக்காரர் சங்கம்தான் உட்கார்ந்திருக்கும், நம் பிள்ளைகளின் விண்ணப்பத்தை எடுக்கவே மாட்டார்கள். 1946இல் தொடங்கிய எம்.எல். சுல்தான் டெக்னிக்கல் காலேஜில் இரவு வகுப்பில் டிராயிங்கும் கணக்கும் படித்தோம். படிப்பு கிடைத்தது, காகிதம் கிடைக்கவில்லை. 1973 ஜனவரியில் செங்கல் தொழிற்சாலையில் தொடங்கி டர்பன் முழுக்க வேலைநிறுத்தம் பரவியதே, அப்போது நானும் ரோட்டில் நின்றேன்.

1979இல் தொழிலாளர் சட்டங்களை ஆராய்ந்த வீஹான் கமிஷன் அறிக்கை வந்தது, அந்த ஒதுக்கீடு பெரும்பாலும் போனது. 1981 சட்டத்தில் செக்‌ஷன் 28 என்று ஒரு வழி வந்தது, அனுபவம் உள்ளவன் அப்ரண்டிஸ் ஆகாமலேயே டிரேட் டெஸ்ட் எழுதலாம். அப்படித்தான் நான் காகிதம் வாங்கினேன். கையில் வாங்கினபோது எனக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளையும் பிறந்துவிட்டது.

ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் கதவைத் தட்டித் தட்டித் திறந்து உள்ளே போன சில வருடங்களில் தொழிற்சாலைகளே இளைக்க ஆரம்பித்துவிட்டன. 90களில் இறக்குமதி வரியைக் குறைத்தார்கள், துணி ஆலைகள் முதலில் போயின, அவற்றை நம்பி ஸ்பிண்டில், ஷாஃப்ட் ரிப்பேர் செய்த பட்டறைகள் பின்னாலேயே போயின. அப்போது நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது, இன்றைக்கு 13 சதவீதம் அளவில் நிற்கிறது. அதைவிட எனக்கு வருத்தம் வேறு. இஸ்கோர், மின்சாரம் தருகிற எஸ்கொம், ரயில்வே இவர்கள் எல்லாம் தங்களுக்குத் தேவையானதைவிட அதிகமாக அப்ரண்டிஸ்களை எடுத்துப் பழக்கினார்கள். முடித்தவர்கள் தனியார் பட்டறைகளுக்கு வருவார்கள், நாடு முழுக்க அந்தக் கைகள்தான் ஓடின. லாபக் கணக்குப் பார்க்க ஆரம்பித்ததும் முதலில் வெட்டினது பயிற்சிக்கூடத்தைத்தான். அதனால்தான் இன்றைக்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் நரைத்த தலைகளாகத் தெரிகிறது.

உன் மகன் தானாக ஆசைப்பட்டு வருகிறான் என்றால் தடுக்காதே. அந்தக் காகிதத்துக்காக நாங்கள் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் டர்னர் மட்டும் என்று இருக்க வேண்டாம், ஃபிட்டிங்கும் ஹைட்ராலிக்ஸும் சேர்த்துக் கற்கிற இடமாகப் பார். முறையான அப்ரண்டிஸ் ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர். "லேர்னர்ஷிப்" என்று ஒரு வருடம் கூட்டிப் பெருக்க வைத்து அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன.

கோவை டு பெனோனி எழுதியது:

வணக்கம் சார். நான் கோயம்புத்தூர் கணபதிக்காரன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு லேத் பட்டறை. கம்ப்யூட்டர் ஓட்டுகிற சிஎன்சி மெஷினுக்கு ப்ரோகிராமராக இங்கே ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஈஸ்ட் ராண்டுக்கு வந்து சில வருடங்கள் ஆகிறது. பெரியவர் சொன்னதற்குப் பக்கத்தில் வைத்து ஒன்று சொல்கிறேன்.

இந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகள் எல்லாம் தங்கச் சுரங்கத்துக்காக வந்தவை. 1970இல் இந்த நாடு 1,000 டன் தங்கம் எடுத்தது, இப்போது 100 டன் அளவுதான். சுரங்க லிஃப்டின் வைண்டர் டிரம் கடைந்த வெர்ட்டிகல் போரர் மெஷின்கள் தார்ப்பாய் போட்டு நிற்பதைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். அதில் ஒன்றை நகர்த்தக்கூட முடியாது, அஸ்திவாரத்தோடு போட்டது, வெட்டிப் பழைய இரும்பாக எடுத்துப் போனார்கள்.

லோட் ஷெட்டிங், அதாவது மின்வெட்டு, எங்களுக்குப் புதுசு இல்லை, 2008க்குப் பிறகு கோவையிலும் அந்தக் கொடுமையை வருடக்கணக்கில் பார்த்தோம். ஆனால் இங்கே 2023இல் பட்டது வேறு மாதிரி. பெரிய ஷாஃப்ட், வெட்டுகிற நுனியான கார்பைட் இன்சர்ட் 5 மில்லிமீட்டர் ஆழத்தில் வெட்டிக்கொண்டு இருக்கும்போது கரண்ட் போனால், ஷாஃப்டைப் பிடித்துச் சுற்றுகிற சக் வேகம் குறைந்து நிற்கிறதற்குள் டூல் உலோகத்துக்குள் புதைந்துவிடும். பின்னால் எடுக்கும்போது நுனி உடைந்து உள்ளேயே தங்கும். அந்த உடைந்த துண்டு ஷாஃப்டைவிடக் கடினம், அடுத்த இன்சர்ட்டையும் தின்னும். கையால் கிரைண்டர் போட்டு எடுத்து, விட்ட இடத்தில் கோடு தெரியாமல் சேர்க்க வேண்டும். வாடிக்கையாளர் அந்தக் கோட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால் ஜாப்பே நஷ்டம். அந்த வருடமே எஸ்கொம் கட்டணம் 18.65 சதவீதம் ஏறியது. ஜெனரேட்டர் வாங்கிப் போட்ட பட்டறை பிழைத்தது, மற்றது மூடியது. 2024க்குப் பிறகு நிலைமை பரவாயில்லை.

சிஎன்சி வந்ததால் கை லேத் செத்தது என்று சொல்வார்கள், நான் சிஎன்சிக்காரன், நானே சொல்கிறேன், ரிப்பேர் வேலையில் அது உண்மை இல்லை. 500 பீஸ் வேண்டும் என்றால் என்னிடம் வரலாம். 40 வருடத்துப் பழைய பம்ப்பின் தேய்ந்த ஷாஃப்டைக் கொண்டு வந்து, டிராயிங் இல்லை, நாளைக்குக் காலையில் வேண்டும் என்றால், தேயாத இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அசல் சைஸ் என்னவாக இருந்திருக்கும் என்று கணக்குப் பண்ணத் தெரிந்தவர்தான் வேண்டும். பேரிங் உட்காரும் இடத்தில் எவ்வளவு இறுக்கம் விடுவது, எந்த ஸ்டீல் போடுவது, ஈஎன்8 போதுமா ஈஎன்19 வேண்டுமா, இதெல்லாம் உங்கள் தலைமுறையோடு போய்விடுமோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது. சார், உங்கள் மகனுக்குக் கை லேத்தை முதலில் கற்றுக்கொடுங்கள், அப்புறம் சிஎன்சிக்கு வரட்டும். நேராக சிஎன்சியில் வந்த பையன்களுக்கு வெட்டுகிற சத்தம் மாறுவதே காதில் விழுவதில்லை.

மெரபேங்க் டர்னர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, ராஜினாமா விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, சங்கத்து ஆளிடம் இன்றே சொல்லிவிட்டேன், எங்கள் கூட்டத்தில் மற்றவர்களுக்கும் சொல்வார். பெரியவர் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுடைய அப்பாவும் "ஆப்பரேட்டர்" ஆகவே ரிட்டயர் ஆனவர், கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். மகன் விஷயம் இனி அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும்.

லேத்தைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். வீட்டுப் பின்பக்கம் இடம் இருக்கிறது.

ஜேக்கப்ஸ் ஜாபிங் எழுதியது:

வீட்டுப் பின்பக்கம் வேண்டாம் அண்ணா. 3 மீட்டர் லேத்துக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டும், வீட்டில் ஒரு ஃபேஸ்தான் இருக்கும், மாற்றிக் கேட்டால் செலவும் காத்திருப்பும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போட்டால் முடிந்தது. கிரேன் இல்லாமல் அந்த லேத்தை வைத்து என்ன பண்ணுவீர்கள்? ஏற்கனவே கூரையும் கிரேனும் இருக்கிற ஒரு பட்டறையில் மூலை வாடகைக்குக் கேளுங்கள். ஜேக்கப்ஸ், மொபேனி பக்கம் பாதிக் கூடம் காலியாகத்தான் இருக்கிறது, ஃபேப்ரிகேஷன்காரர்கள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள், அவர்களுக்கும் பக்கத்தில் டர்னர் இருந்தால் லாபம். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

வேலை இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் நீங்கள் பார்த்த வேலை இல்லை. ஹைட்ராலிக் சிலிண்டர் ராட், லாரி ஹப், ஃபோர்க்லிஃப்ட் பின், புஷ், துறைமுகத்துக் கிரேன் வீல். சின்னச் சின்னதாக வரும், அவசரமாக வரும். கரும்பு ஆலை ஓடாமல் ரிப்பேர் நடக்கிற ஆஃப்-கிராப் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, அதுதான் எங்களுக்கு அறுவடை. ஆனால் அதையும் முழுசாக நம்ப முடியவில்லை. டார்னல் ஆலை 2020இல் நின்றது, சர்க்கரைக் கம்பெனி டொங்காட் ஹுலெட் 2022 அக்டோபரில் பிசினஸ் ரெஸ்க்யூவுக்குப் போனது, அப்போது பணம் மாட்டிக்கொண்ட சின்னப் பட்டறைக்காரர்கள் நிறையப் பேர். ஒரே வாடிக்கையாளர் உங்கள் வரவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடாதீர்கள். பெரிய கம்பெனிகள் 60 நாள், 90 நாள் என்று இழுப்பார்கள், உங்களுக்கு ஸ்டீல் கொடுக்கிறவன் 30 நாளில் கேட்பான். பட்டறைகள் சாவது வேலை இல்லாமல் இல்லை, இந்த இடைவெளியில்தான். குறைந்தது ஆறு மாத வாடகையையும் வீட்டுச் செலவையும் தனியாக வைத்துவிட்டு மிச்சத்தில் மெஷின் வாங்குங்கள்.

மெஷினை நீங்களே ஓட்டியிருக்கிறீர்கள், அதனால் அதன் நோய் உங்களுக்குத் தெரியும், அது பெரிய விஷயம். ஏலத்தில் மற்றவர்கள் பெயின்ட்டைப் பார்த்து விலை சொல்வார்கள். இருந்தாலும் விலை பேசுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். சக்கில் ஒரு தடித்த பார் பிடித்து, மறுமுனையில் டெயில்ஸ்டாக் சப்போர்ட் இல்லாமல், 250 மில்லிமீட்டர் நீளத்துக்கு மெல்லிசாக ஒரு கட் போடுங்கள். இரண்டு முனையிலும் மைக்ரோமீட்டர் வையுங்கள். சக்குக்குப் பக்கத்தில்தான் பெட் அதிகம் தேய்ந்திருக்கும், அங்கேதான் எல்லாரும் வேலை செய்திருப்பார்கள். வித்தியாசம் 0.03 மில்லிமீட்டருக்குள் இருந்தால் தைரியமாக வாங்கலாம். 0.1 என்றால் பெட் கிரைண்ட் பண்ண வேண்டிவரலாம், அந்தச் செலவு மெஷின் விலையையே தாண்டலாம், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். திரெட் போடும்போது பிடிக்கிற ஹாஃப் நட் தேய்ந்திருந்தால் பயப்படாதீர்கள், அதை நீங்களே செய்துகொள்ளலாம்.

இன்னொன்று. லேத்தை மட்டும் எழுதி வாங்கிவிடாதீர்கள். ஸ்டெடி ரெஸ்ட், ஃபேஸ் பிளேட், நாலு ஜா சக், சேஞ்ச் கியர் எல்லாவற்றையும் பெயர் சொல்லி ரசீதில் சேர்க்கச் சொல்லுங்கள். கேப்பில் உட்காருகிற அந்தப் பாலத் துண்டு எங்கே கிடக்கிறது என்று இப்போதே தேடிப் பிடியுங்கள். ஒவ்வொரு பட்டறையிலும் அது என்றோ கழற்றி ஏதோ ஒரு மூலையில் போட்டுக் கிடக்கும், விற்பனை நடக்கிற வாரத்தில் பழைய இரும்புக்காரன் முதலில் அள்ளுவது அந்த மூலையைத்தான். தள்ளி வைக்க இடம் வேண்டும் என்றால் எனக்கு எழுதுங்கள், என் பட்டறையில் வைத்துக்கொள்ளலாம்.